நாற்பத்தொரு வீதம்

பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி, படிக்கட்டோரக் கடை.
அஃப்லால் தன் பெட்டியை மேசையில் இறக்குகிறான்.
கொம்பனித்தெருவிலிருந்து ஓட்டோவில்
மடியில் வைத்தே கொண்டுவந்தானாம்.
"புதுக் கார்ட் போட்டும் இழுக்குது, மிஸ்.
துப்பாக்கியைத் திருப்புறதுக்குள்ள
என்னைச் சுட்டுட்டுப் போயிடுறானுகள்."

முதலாளி தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொல்கிறார்:
"புரொசசர் பழசு. போர்டோட மாத்தோணும்."
கால்குலேட்டர் அதற்குள் தட்டத் தொடங்கிவிட்டது.

நான் திரையின் மூலையில் எண்களை விரிக்கிறேன்.
நொடிக்கு முப்பத்தெட்டுச் சட்டகம்.
புரொசசரின் ஆறு கருக்களில் ஒன்று நூறில் முட்டி நிற்கிறது.
கார்ட் நாற்பத்தொரு வீதம்தான் உழைக்கிறது.
மிச்ச நேரமெல்லாம்
பந்தியில் இலை போட்டாயிற்று,
சோறு இன்னும் வடிக்கவில்லை.

திரைத்தெளிவைக் குறைக்கிறேன்.
முகங்கள் சதுரம் சதுரமாய் உடைகின்றன.
முப்பத்தெட்டு.
நிழல்களை அணைக்கிறேன், புல்லைப் பிடுங்குகிறேன்,
தண்ணீரின் பளபளப்பைத் துடைத்தெறிகிறேன்.
முப்பத்தெட்டு.
எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றுகிறேன்.
கார்ட் மட்டும் எண்பதுக்குத் தாவுகிறது,
சட்டகம் அதே முப்பத்தெட்டு.

"கார்ட்டில பிழையில்லை" என்கிறேன்.
"நான் அப்பவே சொல்லேல்லையா?"
முதலாளி பில் புத்தகத்தைத் தேடுகிறார்.

புரொசசரிடம் கேட்க இன்னும் ஒரு கேள்வி இருந்தது.
வேகம், நாலு புள்ளி இரண்டு இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்று புள்ளி ஏழு.
வெப்பம், தொண்ணூற்றெட்டுப் பாகை.
சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தோம்,
அது காய்ச்சலில் கிடந்திருக்கிறது.

பக்கத் தகட்டைக் கழற்றுகிறேன்.
காலி வீதிப் புகை, கடலுப்பு, பூனைமயிர்.
தூரிகையால் தட்டிக்கொண்டு போகையில்
மின்வழங்கியின் முதுகில் நீல மையில் ஒரு திகதி:
27.3.2022.
ஏழுக்கு நடுவே குறுக்குக்கோடு.
இந்தக் கடையில் நான்தான் அப்படி ஏழு போடுவேன்.

அந்த மாதம் மின்வெட்டுக்கு அட்டவணை இருந்தது.
அட்டவணைப்படி வெட்டு இருக்கவில்லை.
ஒரே பின்னேரம் ஐந்து பெட்டிகள் பூட்டினேன்,
போனைப் பல்லில் கவ்வி, அதன் டோர்ச் வெளிச்சத்தில்.

குளிர்விப்பானைத் தூக்குகிறேன்.
செம்புக்கும் சில்லுக்கும் நடுவே
தண்ணீர்நிறத்தில் ஒரு மெல்லிய தாள்.
வாலில் சிவப்பு அம்பு, பூட்டுமுன் உரிக்கச் சொல்லி.
மூன்று மொழிகளில் இருந்தது, தமிழில் இல்லை.
அதை ஒரு நியாயமாக மனதுக்குள் சொல்லிப்பார்த்தேன்.
அவ்வளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும்.

முதலாளிக்கு என் முதுகு. அஃப்லாலுக்கு என் முகம்.
தாளை மடித்தால் பஸ் டிக்கெட்டளவுதான்.
குப்பைக்கூடை காலடியில்.

துடைத்து, பட்டாணியளவு பசை வைத்துப் பூட்டினேன்.
அறுபத்தொரு பாகை.
நூற்றுப் பதினாறு சட்டகம்.
கார்ட் தொண்ணூற்றெட்டு வீதம். இப்போது அதற்குத்தான் மூச்சு வாங்குகிறது.
அப்படித்தான் இருக்கவேண்டும்.

அவன் துப்பாக்கியைத் திருப்பினான். திரும்பியது.
நம்பாமல் மறுபடி திருப்பினான்.
"என்ன செஞ்சீங்க, மிஸ்?"

தாளை மேசையில் வைத்தேன்.
"இது என்ர பிழை. ரெண்டு வருசமா."
கால்குலேட்டர் நின்றது.
கீழே நூறாம் நம்பர் பஸ்காரன்
"கோட்டை, கோட்டை" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அஃப்லால் தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
பிறகு அதன் ஊடாக என்னை.
திட்டுவான் என்று நின்றேன்.
"இந்தக் கார்ட்டுக்கு
பதினொரு மாசம் நைட் ஷிஃப்ட் செஞ்சேன்" என்றான்.
"பழைய கார்டை வித்துட்டேன்.
அதுவே போதுமா இருந்திருக்கும், என்ன?"

ஓம் என்று சொல்ல
எந்த எண்ணையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

பக்கத் தகட்டைப் பூட்டினேன். நாலு திருகாணி.
நாலாவது
வெகுநேரம் புரியில் ஏறவில்லை.